வேலை இழந்தவனும் வேலை தேடுபவனும்

ஆட்குறைப்பு என்னும் சொல் எமது பகுதிக்குப் புதியதன்று. மட்டக்களப்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் வந்தாறுமூலை, மாவடிவேம்பு, சித்தாண்டி, கிரான் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றையெல்லாம் கடந்தால் வாழைச்சேனை. அங்கே 1956ஆம் ஆண்டில் அரசின் கடதாசி ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. சுதந்திரத்துக்குப் பின் அமைந்த முதல் அரசாங்கத்தில் கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் காலத்தில் வித்திடப்பெற்ற திட்டம் அது. காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது. அறுவடை முடிந்தபின் வயலிலேயே எரிந்து சாம்பலாகும் வைக்கோல் கடதாசியாயிற்று. விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையே கடனையன்றி வேறொன்றையும் அறியாத குடும்பங்களுட் சிலவற்றில் மாதச் சம்பளம் என்பது முதன்முதலாக நுழைந்தது.

பின்னர் அவ்வாலைக்கு நேர்ந்ததை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. போர் வந்தது, இயந்திரங்கள் கிழடாயின, உற்பத்தி தேய்ந்து நின்றது. 2021ஆம் ஆண்டில் மீண்டும் தொடக்கி வைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வேலை இழந்தோரில் நிலமிருந்தவர் நிலத்துக்குத் திரும்பினர். தோணியிருந்தவர் வாவிக்குத் திரும்பினர். இரண்டும் இல்லாதவர் மத்திய கிழக்குக்கு விமானமேறினர். அடுத்த வேலையைத் தேடும் சுமை முழுவதும் அவரவர் தலையிலேயே விழுந்தது. ஆலையோடு அவர்களிடமிருந்த கைத்திறனும் வீணாயிற்று. கூழைப் பதம் பார்க்கத் தெரிந்தவனுக்கு இந்த நாட்டில் வேறெங்கே வேலை?

இன்றைய எம் மாணவர் ஆலையை நாடுவதில்லை, கணினியை நாடுகின்றனர். க.பொ.த. உயர்தரத்தில் 2013ஆம் ஆண்டு தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்ட பின்னர் இந்நாட்டம் பெருகியிருக்கிறது. மென்பொருள் எழுதுபவனுக்கு மூலதனம் மூளையிலேயே இருக்கிறது. ஆதலின் அவனை எவரும் வெளியே தள்ளிவிட இயலாது, தள்ளினாலும் மறுநாளே வேறிடம் கிடைக்கும் என்பது பெற்றோர் பலரின் நம்பிக்கை. ஆசிரியர் சிலரும் இதையே சொல்லிக் கொடுக்கின்றோம். இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மையென்பதைக் கணினித் தொழிலின் வரலாற்றைக் கொண்டு பார்ப்பதே பொருத்தம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு இருக்கிறது. அதன் முக்கியமான பக்கங்கள் எமக்கு மிக அண்மையில், பாக்கு நீரிணைக்கு அப்பால் எழுதப்பட்டவை.

ஐ.பி.எம். என்னும் அமெரிக்கப் பெருநிறுவனம் இந்தியாவில் 1950களின் தொடக்கத்தில் காலூன்றியது. 1401 என்ற அதன் இயந்திரம் 1959இல் அமெரிக்காவில் அறிமுகமானது. அங்கே பயன்படுத்திப் பழசாகிப்போன அவ்வியந்திரங்களைப் பம்பாயில் பழுதுபார்த்துப் புதுக்கி, இந்தியாவின் இரயில்வேக்கும் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகைக்கு விட்டது. மேலைநாட்டில் கழித்த பண்டம் கீழைநாட்டில் வாடகை ஈட்டிற்று. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குச் சட்டம், வெளிநாட்டுக் கம்பனிகள் தம் இந்தியக் கிளைகளிலுள்ள பங்கை நூற்றுக்கு நாற்பதாகக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்றது. ஐ.பி.எம். முழு உடைமையை விட்டுக்கொடுக்க மறுத்தது. 1977இல் ஜனதா அரசாங்கம் வந்தது. தொழிற்சங்கத் தலைவராயிருந்த ஜோர்ஜ் பெர்னாண்டஸ் கைத்தொழில் அமைச்சரானார். அவ்வாண்டு நவம்பரில் தான் வெளியேறப்போவதாக ஐ.பி.எம். அறிவித்தது. 1978 யூன் மாதத்தில் கடையை மூடியது.

இந்த நிகழ்ச்சியைத் தேசிய மானத்தின் வெற்றி என்று சிலர் எழுதினர். முட்டாள்தனம் என்று வேறு சிலர் எழுதினர். இரு சாராரும் ஒரு கேள்வியைப் பெரும்பாலும் கேட்கவில்லை. அங்கே வேலை செய்தவர்கள் மறுநாள் எங்கே போனார்கள் என்பதே அக்கேள்வி.

விடை வியப்புக்குரியது. ஐ.பி.எம். மூடுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, 1975 டிசம்பரில், கணினிப் பராமரிப்புக் கூட்டுத்தாபனம் என்ற அரச நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருந்தது. சி.எம்.சி. என்று பின்னாளில் அழைக்கப்பட்டது இதுவே. 1978இல் அது எண்ணூறுக்கு மேற்பட்ட இடங்களில் ஐ.பி.எம். விட்டுச்சென்ற இயந்திரங்களின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது. ஐ.பி.எம்.மில் பணியாற்றிய பொறியாளர் பலர் அதிற் சேர்ந்தனர். அவர்கள் நேற்றுத் திறந்து பார்த்த அதே இயந்திரத்தை இன்றும் திறந்து பார்த்தார்கள். சம்பளம் கொடுப்பவர் மட்டுமே மாறினார். தரவு நிலையங்களின் வேலையை முன்னாள் ஊழியர் அமைத்த ஐ.டி.எம். என்ற நிறுவனம் மேற்கொண்டது. வாசல் அடைபடுமுன்பே பக்கத்தில் வேறொரு வாசல் வெட்டி வைக்கப்பட்டிருந்தது.

அவ்வூழியர் ஒரு சிலரே. ஆங்கிலக் கல்வி பெற்ற, நாட்டின் மேற்றட்டைச் சேர்ந்த பொறியாளர். அவர்களுக்குக் கிடைத்த ஏற்பாடு பருத்தி ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்ததில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் வேலையிழந்தவனின் திறமை நாட்டின் சொத்து, அது சிதறவிடத் தகாதது என்று ஓர் அரசாங்கம் கருதிச் செயற்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று. அவ்விதம் சிதறாமற் காக்கப்பட்ட திறமையே 1980களின் நடுவில் இந்திய இரயில்வேயின் கணினி வழி ஆசன முன்பதிவைச் சி.எம்.சி. உருவாக்கியபோது பலன் தந்தது. வாழைச்சேனையில் கூழின் பதமறிந்த கைகளுக்கு இப்படியொரு சி.எம்.சி. இருந்ததில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டையும் குறிப்பிடலாம். இந்தியத் தொழிற்சங்கங்கள் தொடக்கத்தில் கணினியையே எதிர்த்தன. 1960களின் நடுவில் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் கல்கத்தாவில் கணினியைப் பொருத்த முனைந்தபோது ஊழியர் இரவு பகலாகக் கட்டடத்தைக் காவல் காத்து அதைத் தடுத்தனர். இயந்திரம் எழுதுவினைஞரின் வேலையைப் பறிக்கும் என்பது அவர்கள் அச்சம். தானியங்கி முறையின் விளைவுகளை ஆராயப் பேராசிரியர் தண்டேகர் தலைமையில் 1969இல் ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. அன்று கணினியைக் கண்டு அஞ்சியவர்களை எள்ளி நகையாடுவது இன்று நாகரிகமாகிவிட்டது. கணினி கொண்டுவந்த வேலைகளின் தொகை அவர்கள் அஞ்சியதைவிட அதிகம் என்பது உண்மையே. ஆனால் இயந்திரத்தின் இலாபம் யாருக்கு, அதன் நட்டம் யாருக்கு என்று அவர்கள் கேட்ட கேள்வி பழசாகவில்லை. இப்போது அக்கேள்வியைக் கேட்பவர் கணினியின் முன்னமர்ந்து வேலை செய்பவரே.

1990களில் தொழிலின் உருவம் மாறிற்று. இயந்திரத்தைப் பராமரிப்பவன் போய், மென்பொருள் எழுதுபவன் முன்னுக்கு வந்தான். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது உலகின் கணினிகள் தேதியைத் தவறாக வாசிக்கும் என்ற அச்சத்தைத் தீர்க்க ஆயிரக்கணக்கான இளைஞர் தேவைப்பட்டனர். தரகு நிறுவனங்கள் தென்னிந்திய நகரங்களிலிருந்து அவர்களைத் திரட்டி அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அனுப்பின. வேலையில்லாத நாட்களில் அவர்கள் காத்திருந்ததற்கு அத்தொழிலில் 'பெஞ்சு' என்று பெயர். எமது வகுப்பறையில் வாங்கில் ஏற்றி நிற்கவைப்பது தண்டனை. அங்கே வாங்கில் அமர்த்துவது தண்டனை. ஊதியமின்றி இவ்வாறு காக்க வைப்பதை அமெரிக்கச் சட்டம் 1998இல் தடை செய்தது. சட்டம் புத்தகத்திலிருந்தது, தரகர் பலர் தம் வழக்கத்தைக் கைவிடவில்லை. 2000 மார்ச்சில் உச்சியைத் தொட்ட நியூயோர்க்கின் நாஸ்டாக் பங்குச் சந்தை சரிந்து விழுந்தபோது, பெஞ்சிலிருந்தோரே முதலில் ஊர் திரும்பினர். விமானச்சீட்டுக்கும் தரகுக்கும் பட்ட கடன் அவர்களுக்கு முன்னரே ஊரில் வந்து காத்திருந்தது.

இனிச் சென்னைக்கு வருவோம். பழைய மகாபலிபுரம் சாலையோரத்தில் கண்ணாடி மாளிகைகள் எழுந்து, ஒரு தலைமுறையின் வாழ்வை மாற்றியிருந்த காலம். 2014ஆம் ஆண்டின் இறுதியில் டாட்டா கன்சல்டன்சி சேர்விசஸ் என்ற இந்தியாவின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம், பல ஆண்டு அனுபவமுடைய ஊழியரை வெளியேற்றுகிறது என்ற செய்தி பரவியது. இருபத்தையாயிரம் பேர் என்று வெளியே பேசப்பட்டது. நிறுவனம் அவ்வெண்ணிக்கையை மறுத்தது. செயற்றிறன் குறைந்தோரை ஆண்டுதோறும் விலக்குவது வழக்கமே என்றது. முறை இதுதான்: ஊழியர் அனைவரையும் தரவரிசையிற் பகுப்பர்; கடைசித் தட்டில் விழுந்தவரைத் தனியறைக்கு அழைப்பர். சென்ற ஆண்டு வரை பாராட்டுப் பெற்றவரும் அத்தட்டில் விழுந்ததுண்டு. சம்பளம் உயர்ந்துவிட்ட பத்தாண்டு அனுபவசாலி ஒருவரின் இடத்தில் புதிதாகக் கல்லூரி விட்டு வந்த பலரை அமர்த்தலாம் என்ற கணக்கு அத்தரவரிசையில் எழுதப்பட்டிருக்கவில்லை, அவ்வளவே.

அப்போது ஒரு கர்ப்பிணிப் பெண் ஊழியர் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார். 2015 ஜனவரியில் நீதிமன்றம் அவருடைய வேலைநீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் அவ்வேலைநீக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு பெண்ணின் வழக்கு என்று இதைச் சிறிதாக எண்ணலாகாது. தகவல் தொழினுட்ப ஊழியர் 'தொழிலாளர்' என்னும் வரையறைக்குள் வரமாட்டார். அவர் அதிகாரி, அறிவுப்பணியாளர், பங்காளி என்றெல்லாம் சொல்லி வைத்திருந்த திரை அன்று சற்றே விலகியது. 1947ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் இவர்களுக்கும் உரியது, இவர்கள் சங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. கர்நாடகத்திலும் 2017இல் இத்துறையினர்க்கு ஒரு சங்கம் உருவானது.

இப்போராட்டத்தில் முன்னின்ற அமைப்புகளுள் ஒன்று தகவல் தொழினுட்ப ஊழியர் மன்றம். அது பிறந்த கதை இலங்கைத் தமிழராகிய எமக்கு நெருக்கமானது. 2008இல் வன்னியில் போர் உக்கிரமடைந்தபோது, அதைக் கண்டித்துச் சென்னையில் வீதிக்கு வந்த மென்பொருள் ஊழியரின் கூட்டமே அதன் வேர். அலுவலகத்தில் அடுத்த ஆசனத்திலிருப்பவன் பெயரைக்கூட அறியாத தொழில் என்று சொல்லப்பட்ட ஒன்றில், பிறர் துயருக்காக ஒன்றுகூடிப் பழகியவர்கள் சில ஆண்டுகளின் பின் தம் துயருக்காகவும் ஒன்றுகூடத் தெரிந்திருந்தனர். இதை நான் பாடநூல்களில் கண்டதில்லை, கண்டால் மகிழ்வேன்.

சி.எம்.சி.யின் முடிவையும் இவ்விடத்திற் சொல்லிவிடலாம். 2001இல் இந்திய அரசு அதன் 51 சதவீதப் பங்கை டாட்டா குழுமத்துக்கு விற்றது. 2015இல், சென்னையில் வேலைநீக்கங்களைக் குறித்துப் பேச்சு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில், சி.எம்.சி. டாட்டா கன்சல்டன்சியோடு இணைக்கப்பட்டு மறைந்தது. வேலையிழந்த கணினிப் பொறியாளரை ஏந்திக்கொண்ட அரச நிறுவனம், கணினிப் பொறியாளரை வெளியேற்றுகிறது என்று குற்றஞ்சாட்டப்பட்ட தனியார் நிறுவனத்துள் கரைந்தது.

அதே நிறுவனம் 2025 யூலையில், தன் ஊழியரில் நூற்றுக்கு இருவரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரை, விலக்கப்போவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. பெரும்பாலோர் நடுத்தர, மேல்மட்ட அனுபவசாலிகள். அதற்குச் சற்று முன்னர் ஒருவர் ஓராண்டில் 35 நாட்களுக்கு மேல் பெஞ்சில் இருக்கலாகாது என்று விதி வகுத்திருந்தது. அதற்கும் முன்னே 2022 நவம்பரில் மெற்றா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகிள் 12,000 பேரையும், மைக்ரோசொஃப்ற் 10,000 பேரையும் விலக்குவதாக அறிவித்திருந்தன. அமெரிக்காவில் எச்-1பி அனுமதியில் வேலை செய்பவன் வேலையிழந்தால், 60 நாட்களுக்குள் வேறு முதலாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்றேல் நாட்டைவிட்டு நீங்கவேண்டியவனாவான். பிள்ளையின் பள்ளி, வீட்டுக் கடன், மனைவியின் வேலை யாவும் அவ்வறுபது நாட்களுக்குள் அடங்கும். செயற்கை அறிவு வந்துவிட்டது, ஆகையால் ஆட்குறைப்புத் தவிர்க்கவியலாது என்று இப்போது சொல்கின்றனர். நல்ல இலாபம் காட்டிய ஆண்டுகளிலும் ஆட்குறைத்த நிறுவனங்களின் வாயிலிருந்து இச்சொல் வரும்போது, பாதியை மட்டுமே நம்பத் தோன்றுகிறது.

வேலையிழந்தவன் புது வேலையை எவ்வாறு கண்டடைகிறான்? இதற்குச் சமூக ஆராய்ச்சியாளர் விடை தேடியிருக்கின்றனர். மார்க் கிரனோவெற்றர் என்ற அமெரிக்கர், மசாசுசெற்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில், அண்மையில் வேலை மாறிய தொழில்நிபுணர், நிருவாகிகளிடம் விசாரித்தார். 1974இல் நூலாக வந்த அவ்வாய்வின்படி, நூற்றுக்கு 56 பேர் விளம்பரத்தாலோ நேரடி விண்ணப்பத்தாலோ வேலை பெறவில்லை. தெரிந்தவர் மூலமே பெற்றனர். அத்தெரிந்தவரும் நெருங்கிய நண்பராகவோ உறவினராகவோ பெரும்பாலும் இருக்கவில்லை. எப்போதோ ஒருமுறை சந்திப்பவர், பழைய அலுவலகத்தில் அறிமுகமானவர், இத்தகையோரே வழி காட்டினர். நெருங்கியவர்க்கு நமக்குத் தெரிந்ததே தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகமே புதுச் செய்தியைக் கொண்டுவரும்.

இதைச் சித்தாண்டியில் அமர்ந்து வாசிக்கும்போது நெஞ்சு சற்றுக் கனக்கிறது. கொழும்பின் பெரிய கல்லூரி ஒன்றிற் படித்தவனுக்குப் பழைய மாணவர் சங்கமே தூரத்து அறிமுகங்களின் களஞ்சியம். வேலை போன மாலையே பத்துப் பேரிடம் பேசிவிடுவான். வயற்கரையிலிருந்து வந்து, இரண்டாம் மூன்றாம் மொழிகளில் நேர்முகத் தேர்வெழுதி, தலைநகரில் ஓர் அறையைப் பகிர்ந்து வாழும் எம் மாணவனுக்குத் தெரிந்தவரெல்லாம் உறவினர். உறவினரெல்லாம் வயலிலோ வாவியிலோ. திறமை சமமாயிருந்தும் தேடும் காலம் சமமாயிருப்பதில்லை. 'மூளையே மூலதனம்' என்போர் இந்த இரண்டாவது மூலதனத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொரு ஆய்வையும் ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று. ஒஸ்திரியாவில் மரியென்தால் என்ற ஊரில் இருந்த ஒரேயொரு நெசவாலை உலகப் பொருளாதார மந்தத்தின்போது மூடப்பட்டது. மரி யகோடா முதலிய மூவர் அவ்வூரை ஆராய்ந்து 1933இல் நூல் வெளியிட்டனர். வேலையற்றோர்க்கு நேரம் நிறைய இருந்தது. ஆகவே நிறைய வாசித்திருப்பர் என்று நாம் எண்ணுவோம். தொழிலாளர் நூலகத்திலிருந்து இரவல் பெறப்பட்ட நூல்களின் தொகை இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்திருந்தது. வேலையிழந்தவனைப் பார்த்து 'இந்த ஓய்வைப் பயன்படுத்திப் புதியன கற்றுக்கொள்' என்று புத்திமதி சொல்வோர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நலம். கற்பதற்கு நேரம் மட்டும் போதாது. நாளைய சோற்றைப் பற்றிய ஒரு நிச்சயமும் வேண்டும்.

எம் நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் இந்தியாவினதைவிட உறுதியானது என்பது பலருக்கும் தெரியாது. இந்தியாவில் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கே ஆட்குறைப்புக்கு முன் அரசின் அனுமதி வேண்டியிருந்தது. மென்பொருள் நிறுவனம் அப்பட்டியலில் இல்லை. 1947ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டக்கோவை அந்த நூறை முந்நூறாக்கிவிட்டது. ஆட்குறைப்புக்குள்ளானவர்க்குப் புதுத் திறன் பயிலவென்று பதினைந்து நாட் சம்பளம் கொடுக்கவேண்டுமென்ற ஒரு விதியை மட்டும் புதிதாகச் சேர்த்தது. இலங்கையிலோ 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், 180 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை ஒழுக்கக் குற்றமன்றி வேறு காரணத்துக்காக விலக்குவதாயின், அவருடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ வேண்டும் என்கிறது. இடதுசாரிக் கட்சிகள் பங்குகொண்டிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம் இது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வரும் அலுவலகங்களும் இதனுள் அடங்கும். கண்ணாடிக் கட்டடத்து மென்பொருள் அலுவலகமும் அலுவலகமே. நட்டஈட்டைக் கணக்கிடும் சூத்திரம் 2005இல் வர்த்தமானியில் வெளியாயிற்று; அதன் உச்ச வரம்பு 2021இல் பன்னிரண்டரை இலட்சத்திலிருந்து இருபத்தைந்து இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது.

சட்டத்திலுள்ள 'எழுத்து மூலமான சம்மதம்' என்ற சொற்றொடரைத்தான் எம் மாணவருக்குக் கோடிட்டுக் காட்டவேண்டியிருக்கிறது. தனியறையில் நீட்டப்படும் தாள் பெரும்பாலும் வேலைநீக்கக் கடிதமாயிராது, இராஜினாமாக் கடிதமாயிருக்கும். 'நீரே விலகினால் நற்சான்று தருவோம். விலக்கினால் வேறெங்கும் வேலை கிடையாது' என்று சொல்லப்படும். சென்னையிலும் இதே வாசகந்தான். கையொப்பமிட்டவுடன் சம்மதம் எழுத்தில் வந்துவிடுகிறது. ஆணையாளரின் வேலை அத்தோடு முடிகிறது. அத்தாளை ஓரிரவு வீட்டுக்கு எடுத்துச் சென்று எவரிடமாவது காட்டுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

இச்சட்டத்தின் கை எட்டாத இடம் ஒன்றும் இப்போது எமது ஊர்களுக்குள்ளேயே தோன்றியுள்ளது. வீட்டு விறாந்தையில் இருந்தபடி, முகம் காணாத வெளிநாட்டு முதலாளிக்கு மென்பொருள் எழுதும் இளைஞர் பெருகுகின்றனர். தொழிலாளி என்னும் சொல்லுக்கு எம் சட்டங்கள் பரந்த பொருளையே கொடுத்திருக்கின்றன. ஆயினும் அம்முதலாளிக்கு இந்நாட்டில் அலுவலகமில்லை. ஆணையாளர் அறிவித்தல் அனுப்ப ஒரு விலாசமில்லை. பதினைந்து பேர் என்று எண்ணிக் காட்ட ஒரு கூரையில்லை. மாத இறுதியில் பணம் வராதபோதுதான் வேலை போய்விட்டதென்பதை அவ்விளைஞர் அறிகின்றனர்.